கருங்காலி என்று முதலில் கத்தியவன்

அன்பு மச்சான் கலியபெருமாளுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. சாவு வீட்டில் உன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் செய்ததை உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லி முடித்துக்கொள்வது சரியில்லை.

போன வாரம் உன் தங்கச்சி வசந்தாவோடும் உன் மகள் சுமதியோடும் அம்பகரத்தூர் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு வியாபாரி கறுப்பு மணிமாலைகளைத் தொங்கவிட்டு, "ஒரிஜினல் கருங்காலி! வாங்கிப் போடுங்க, வீட்டுக் கஷ்டம் போயிடும்!" என்று கூவிக்கொண்டிருந்தார். சுமதி அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்று திரும்பி நடந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'கருங்காலி மவ' அல்லவா?

அந்தச் சொல்லை நாம் இருவரும் ஒரே நாளில்தான் கற்றோம். மில்லில் சேர்ந்த புதிதில் சங்க அலுவலகத்தில் ஒரு தோழர் வகுப்பெடுத்தார். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போகிறவனை வெள்ளைக்காரன் 'பிளாக் லெக்' என்பான், கறுப்புக் கால், அதைத்தான் நம் ஆட்கள் கருங்காலி ஆக்கினார்கள் என்றார். இன்னொருவர் மறுத்தார். கோடாலிக்குக் கருங்காலி மரத்தில்தான் காம்பு போடுவார்கள், மரத்தை வெட்ட மரமே துணை போவதால் வந்த பெயர் என்றார். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. தச்சர் மகனான நீ எழுந்து, "எங்கப்பா அதுல உலக்கைதான் செய்வாரு தோழர். என்ன இடிச்சாலும் ஒடையாது. நல்ல மரத்துக்கு ஏன் இந்தப் பேரு?" என்றாய். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு வந்தது அந்த நீண்ட வேலைநிறுத்தம். நான் கிளைச் செயலாளர். இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்தாய். உட்காரவில்லை.

"மாப்ள, புள்ளைக்குக் காமாலை. கஞ்சிக்குக்கூட அரிசி இல்ல. நாளைக்கு நான் உள்ள போறேன்."

"வேணாம் மச்சான். எனக்குத்தான் அசிங்கம்."

"யாரு வேணா கத்தட்டும். நீ மட்டும் கத்தாத."

அன்று என் வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. எங்கள் வயலில் விளைந்தது. நீ கேட்கவில்லை. எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மில் கேட்டுக்கு நீ தலை குனிந்து வந்தாய். கூட்டம் என்னைத்தான் பார்த்தது. சொந்த மச்சானாயிற்றே, இவன் என்ன செய்வான் என்று. நான்தான் முதலில் கத்தினேன். "கருங்காலி!" நீ ஒரு கணம் நின்றாய். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய்.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். உடன்பாடு பேசியபோது, உள்ளே போனவர்களை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். நிர்வாகம் யோசிக்கவேயில்லை. உன்னால் அவர்களுக்கு ஆகவேண்டியது முடிந்திருந்தது. நான் ஓய்வுபெறும்வரை அதே மில்லில் இருந்தேன். நீ கோவில்பத்தில் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் ஆனாய். என் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாத நீ, ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டாய்.

உன் சாவுக்கு மில் ஆட்கள் வரவில்லை. பாடை தூக்க மண்டபத்துச் சமையல்காரர்கள்தான் வந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சொல் ஆளை விடாதா மச்சான்? நீ செய்தது துரோகம்தான் என்று இன்றும் எனக்குள் ஒரு குரல் சொல்கிறது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால், என் வீட்டு அரை மூட்டை அரிசிதான் நினைவுக்கு வருகிறது.

அன்று திரும்பும் பஸ்ஸில் சுமதியிடம் அந்த நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பாவுக்குத் தெரியும் மாமா. அத்தை காதுக்குப் போவ வேணாம்னு சொல்லியிருந்தாங்க."

பக்கத்தில் இருந்த வசந்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

வரும் மே தினத்தன்று பழைய மில் ஆட்கள் கொடியேற்றக் கூடுவார்கள். மூத்தவன் என்று மைக்கை என்னிடம் தருவார்கள். முதலில் உன் பெயரைச் சொல்வேன். அடுத்து நான் செய்ததைச் சொல்வேன். அவர்கள் எப்படி ஏசினாலும் இறங்கிப் போகாமல் நின்று கேட்பேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
ராமலிங்கம்