பாக்கெட்டின் மேல் யார் படம்

நவம்பர் 14, வெள்ளி

பெண் தொழில்முனைவோருக்கு விளம்பர ஆலோசனை சொல்ல ஒருவர் சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஏறி வந்தார். பத்து வருடமாகக் காப்பிக்கொட்டை வறுப்பவள் நான். பாக்கெட்டுக்குப் படம் எடுக்கும்போது என் கையில் ஒரு கோப்பையைத் திணித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரைக் கைகாட்டினார்.

"மிஷின்கிட்ட சார் நிக்கட்டுங்க. நீங்க சும்மா சிரிங்க. அப்பத்தான் வாங்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்."

வறுக்கும் மிஷினின் சுவிட்ச் எங்கே என்றுகூட அவருக்குத் தெரியாது. மறுப்பார் என்று பார்த்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், அப்போதுதான் வறுத்து இறக்கிய டிரம்மின் மேல் கம்பீரமாகக் கை வைத்தார்.

"ஐயோ! சுடும்னு சொல்லக்கூடாதா புள்ள?"

"ஏனுங்க, வறுக்கறவருக்கே தெரியாதுங்களா?"

களிம்பை அவரே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த நொடியில் விழுந்த படத்தில் அவர் அலறுகிறார், நான் மனமாரச் சிரிக்கிறேன். நாளை அச்சுக்குப் போவது அதுதான்.