ஆட்டுக் கேசும் மதுரைக் கல்லூரியும்

பிள்ளையார்பாளையம்,
12.7.1976

அன்புள்ள அண்ணனுக்கு, கலாவதி பயத்துடன் எழுதிக்கொண்டது.

அப்பா, அம்மா நலம். எனக்குத்தான் நலமில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருட்டுதான் காரணம்.

மெட்ராஸ் சட்டக் கல்லூரியிலிருந்து மதுரைக் கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். அப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். உனக்கு நிம்மதி. நானோ தினமும் சாயங்காலம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுகிறேன். உடலுக்கு அவர், கரைக்கு நான். இருவரும் சேர்ந்து போட்டால்தான் புடவை. எழுந்து ஓட வழியில்லை. "பரசு லெட்டர் போட்டானா? மெட்ராஸ்ல மழையாமா?" என்று கேட்கிறார். மெட்ராஸ் என்றாலே என் கை நின்றுவிடுகிறது. சிவப்புக் கரையில் இழை விட்டுப்போகிறது. "கவனம் எங்கமா இருக்குது?" என்று பிரித்துப் பிரித்து நெய்கிறார்.

இப்போது புது ஆபத்து. துரைக்கண்ணு மாமா தறிக்கு ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார். குப்புசாமி மாமாவின் ஆடு வந்து கஞ்சியை நக்கி, பட்டு இழையையும் மென்றுவிட்டது. "பாவுக்கு நஷ்டம் குடு" என்கிறார் இவர். "தெரு இன்னா உங்க ஊடா? என் ஆட்டுக்கு வவுத்து வலி. அதுக்கு யாரு குடுப்பா?" என்கிறார் அவர். அப்பா நடுவில் புகுந்து, "ஏம்பா சண்டை? எம் பையன் லா படிக்கிறான். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போயி அவனையே கேட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார்!

பதிலை வழக்கம்போல் என் சிநேகிதி மணியம்மாள் வீட்டு விலாசத்துக்கு எழுது. உறையின் மேல் 'ரகசியம்' என்று எழுதாதே. அவள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

பயந்த தங்கை,
கலா


மதுரை,
14.7.1976

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசிகள்.

பயப்படாதே. நான் ஏன் ஓடிவந்தேன் என்று உனக்குத் தெரியாதா? போன வருஷம் அப்பா ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. மெட்ராஸ் கடையில் புடவை கொடுத்த கையோடு, நம் தெருவில் யாருக்கு என்ன தகராறோ அவர்களையும் கூட்டிக்கொண்டு விடுதிக்கு வந்துவிடுவார். வேப்பமரத்தடியில் புளியோதரையும் பஞ்சாயத்தும். "வக்கீல் ஐயா, கட்சிக்காரங்க வந்தாச்சு!" என்று விடுதியே கூவும். ஒப்பந்தச் சட்டத்தையே முடிக்காதவனிடம் பாகப்பிரிவினை கேட்டால் நான் எங்கே போவேன்? மதுரைக்குத்தான் போனேன். இந்த ஒரு மாதமாக, படிப்பு அதிகம், வரவேண்டாம் என்று எழுதி அவரைத் தடுத்து வைத்திருந்தேன்.

என் பழைய அறைத்தோழன் சிட்டிபாபு கெட்டிக்காரன். அப்பாவுக்கு நான் எழுதும் கடிதங்களை மெட்ராஸிலிருந்து தபாலில் சேர்ப்பவன் அவன்தான். ஏதாவது சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

அண்ணன்,
பரசுராமன்


பிள்ளையார்பாளையம்,
24.7.1976

அண்ணா,

எல்லாம் தெரிந்துவிட்டது. விடுதிக் காவற்காரரே சொல்லிவிட்டார்: "பரசுராமனா? மதுரைக்கு மாத்திக்கினு போயி ஒரு மாசம் ஆவுதேபா." அப்பா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சிட்டிபாபு ஓடிவந்து தண்ணீர் கொடுத்தானாம். அதோடு ஆட்டுக் கேசையும் கேட்டானாம். தெருவில் பாவு நீட்டியதுதான் தப்பு என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டு, உன் பங்குப் புளியோதரையையும் சாப்பிட்டுவிட்டானாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தறியில் "மதுரையில மழையாமா?" என்று மட்டும் கேட்டார். நாடா கையிலிருந்து நழுவித் தறிக்குழியில் விழுந்தது. "எடுத்துப் போடுமா" என்றார்.

நேற்று மறுபடியும் சிட்டிபாபுவைப் பார்க்கப் போனார். வெல்ல அதிரசம் கொண்டுபோனார்.

கலா


மதுரை,
27.7.1976

கலா,

அதிரசமா? சிட்டிபாபுவுக்கா? போன வருஷம் என் குறிப்புகளைப் படித்துப் பாஸானவன் அவன்! அந்தத் தீர்ப்பும் தவறு. ஆட்டைக் கட்டாமல் விட்டவருக்குப் பொறுப்பில்லையா? இரண்டு நாள் நூலகத்தில் தேடினேன். இரு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுக்கும் தெரியாது. இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்.

மறுபடி மெட்ராஸுக்கு மாற்றல் கிடைக்குமா என்று ஆபீசில் விசாரித்தேன். "ஏன் தம்பி, காலேஜ் என்ன டவுன் பஸ்ஸா, ஏறி ஏறி எறங்க?" என்கிறார் கிளார்க்.

அப்பா என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையா?

பரசு


பிள்ளையார்பாளையம்,
1.8.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைப் பட்டப்பகலில், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்:

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி வுட்டிருப்பேனே. சிட்டிபாபு நல்ல புள்ளதான். ஆனா கேக்கறதுக்கு முன்னயே பதில் சொல்லிடறான். வாயில அதிரசத்த வெச்சிக்கினே தீர்ப்பு! இப்ப குப்புசாமி ஜெயிச்சிட்டேன்னு தெரு தெருவா சொல்லிக்கினு திரியறான். துரை எங்கூடவே பேசறதில்ல. நீ இருந்தா 'தெரியலப்பா, படிச்சிட்டு சொல்றேன்'னுவே. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணா சோறு தின்னு சமாதானமாயிடுவாங்க."

நீ மதுரையிலேயே படிக்க வேண்டுமாம். வாராவாரம் வரமாட்டாராம், மாதம் ஒரு முறைதானாம். உன்னிடம் மறுதீர்ப்புக் கேட்கலாம் என்று சொல்லி, வரும் வெள்ளிக்கிழமை துரைக்கண்ணு மாமாவையும் குப்புசாமி மாமாவையும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். நானும் வருகிறேன். ஆடும் வருவதாக இருந்தது, அம்மாதான் தடுத்துவிட்டாள்.

அதிரசம் இருக்கிறது. நீ எதுவும் படித்து வைக்காதே அண்ணா. தெரியாது என்று சொன்னால் போதும்.

தங்கை,
கலாவதி