மனு இல்லாமல் வருகிறேன்

என்னோடு சண்டை போட்டே வளர்ந்த அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று அந்தத் திண்டிவனம் நர்சிங் ஹோம் வாசலில் உன்னை ஆட்டோவை விட்டு இறக்கவே விடவில்லையே, நினைவிருக்கிறதா? "இங்க வசதி இல்லம்மா, ஜல்தியா விழுப்புரம் இட்டுக்கினு போங்க" என்றார்கள். ஓர் ஊசி இல்லை, மூச்சுக்கு ஒரு மாஸ்க் இல்லை. வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாய்.

இப்போது தனியார் மருத்துவமனைகளுக்கு அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவருகிறது. உயிருக்குப் போராடுகிறவரை முதலுதவி செய்யாமல் திருப்பி அனுப்பக் கூடாதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் உன் மகள் பவானி நர்சிங் படிக்கிறவள் அல்லவா, சட்ட வரைவை முழுக்கப் படித்தாள். "சித்தி, 'வசதி இருந்தால்'னு நடுவுல ஒண்ணு போட்டுக்கிறாங்க" என்றாள். உன்னைத் துரத்தியவர்களும் வசதி இல்லை என்றுதானே சொன்னார்கள்? இனி அதையே சட்டப்படி சொல்வார்கள்.

விழுப்புரத்தில் இதற்கென்று ஒரு கூட்டமாம், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். எங்கே அறிவித்தார்கள் தெரியுமா? இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில், இங்கிலீஷில். பவானி கண்ணில் படாமல் போயிருந்தால் எனக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது?

தையல் கடையைச் சாத்திவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். மண்டபம் நிறையப் பெண்கள். நம் ஜனங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போனேன். பக்கத்தில் இருந்த வானூர் அஞ்சலையிடம், "சட்டத்தைப் பத்திப் பேச வந்தீங்களா?" என்று கேட்டேன். "இன்னா சட்டம்? மகளிர் குழுவுல வேன் வெச்சு இட்டாந்தாங்க. கலெக்டரு வருவாருன்னு பட்டா மனு எடுத்துகினு வந்தேன்" என்றாள். எல்லார் கையிலும் மனு. பட்டா, ஓய்வூதியம், தெருவிளக்கு. கூட்டம் என்றாலே மனு கொடுக்கும் இடம் என்றுதானே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்?

மருத்துவமனை முதலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்து மைக்கை விடவே இல்லை. கடைசியில் நான் எழுந்து, நீ செத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மேடையில் இருந்த அதிகாரி வாட்சைப் பார்த்தார்.

"மனுவைப் பெட்டியில போட்டுட்டு உட்காருங்கம்மா."

"மனு இல்லீங்க. 'வசதி இருந்தால்'ன்றத எடுத்துடுங்கன்னு சொல்ல வந்தேன்."

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தாத்தான் பதிவாகும்."

அஞ்சலையிடம் ஒரு தாள் வாங்கி எழுதிப் பெட்டியில் போட்டேன். பட்டா மனுக்கள் மேல் போய் விழுந்தது. மறுநாள் பேப்பரில் செய்தி: பொதுமக்கள் திரளாக வந்து கருத்துகளை எழுத்து மூலம் வழங்கினார்களாம், வரைவுக்கு எதிர்ப்பே இல்லையாம். அஞ்சலை போன் பண்ணினாள். "என் பட்டா மனுவையும் கருத்துல சேத்துட்டாங்களாம்மே?" வெட்கம் கெட்டவர்கள், அக்கா. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. போன வாரம் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். "அக்கா செத்ததுக்கு உதவித்தொகை கேட்டு மனு குடுத்தது நீங்கதானே?"

தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை அப்படியே நின்றது. "நான் பணம் கேக்கலீங்க. சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. பணம் வேணுமா, வேணாமா?"

"வேணாம்."

என் எதிரிலேயே எழுதினார். மனுதாரருக்கு உதவி தேவையில்லை, மனு முடித்து வைக்கப்பட்டது. உன் சாவை அவ்வளவு சுலபமாக முடித்து வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நீ இருந்திருந்தால் கொடுத்திருப்பாயா?

அடுத்த கூட்டம் திண்டிவனத்திலாம். இந்த முறை பவானி அறிவிப்பைத் தமிழில் எழுதி, கடைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறாள். அஞ்சலை வருகிறாள், வேனில் அல்ல, சொந்தக் காசில். துணி தைக்கக் கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போவேன். எழுத வேண்டியது அவர்கள். நான் சொன்னதை எழுதி, அதை அதே மைக்கில் படித்துக் காட்டும்வரை உட்கார மாட்டேன்.

உன்னை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை போய்ச் சேர முடியாத,
உன் தங்கை