நீலமான ஐந்து விரல்கள்

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் ஆய்வுக்கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் பரிசோதனை சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். பட்டையால் கட்டி வைத்த உங்கள் கையை லேசர் படமெடுத்துக்கொண்டிருந்தது. தோலில் ரத்தம் கூடினால் திரையில் சிவப்பு, குறைந்தால் நீலம். பதினைந்தாவது நிமிடத்தில் விரல்களெல்லாம் நல்ல சிவப்பு. அப்போதுதான் உங்கள் சைக்கிள் அணிக்கு மசாஜ் செய்யும் பெர்மெட் கதவைத் திறந்தாள்.

“அண்ணே, இன்னுமா மிதிக்கிறீங்க? புளிக்கவெச்ச குதிரைப்பால் கொண்டாந்திருக்கேன், சில்லுனு இருக்கறப்பவே வந்து குடிங்க.”

உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து விரல் நுனிகளும் நீலமாகிவிட்டன. மனம் திடுக்கிட்டால் விரல் நுனியில் ரத்தம் குறையும் என்று இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறவளே நான்தான்.

“கை அசைஞ்சிருச்சா?” என்று கேட்டார் எங்கள் தலைவர் ஒரோஸ்பெக்.

“ஆமா சார், அசைஞ்சிருச்சு” என்று சொல்லி அந்த நிமிடத்தைப் பதிவிலிருந்து வெட்டினேன்.

கதவுச் சத்தம் என்பீர்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதனால் நேற்று நீங்கள் மறுபடி மிதித்தபோது லேசரைத் தோழியிடம் விட்டுவிட்டு, அதே பதினைந்தாவது நிமிடத்தில் குதிரைப்பால் கிண்ணத்தோடு நான் வந்தேன். கதவை அவளைவிடப் பலமாகத்தான் தள்ளினேன்.

“வச்சிட்டுப் போ, அப்புறம் குடிக்கிறேன்” என்றீர்கள்.

படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஐந்து விரல்களும் அப்படியே சிவப்பாக இருக்கின்றன. இந்த நிமிடத்தை நான் என்ன காரணம் சொல்லி வெட்டுவது?

உங்கள் கையில் பட்டை கட்டுகிறவள்