இலைக்கு இறங்காத காக்கைகள்

கறம்பக்குடி
12-3-1962

என் செல்வ மகள் சொர்ணத்துக்குச் சித்தப்பா ஆத்மநாதன் ஆயிரம் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி காத்தாயியும் உன் அம்மாவும், பசுவும் கன்றும், கொல்லையில் எங்களைக் கேட்காமலே குடியேறிவிட்ட லட்சத்துச் சொச்சம் பறவைகளும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை மட்டும் உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் நம்புவேன். ஏனென்றால் பத்து நாளைக்கு முன் உன் அம்மா தபால்காரரைப் பிடித்து உட்கார வைத்து எழுதி அனுப்பிய கடிதம் இதற்குள் டில்லி வந்திருக்கும், அது வந்த பிறகு நீ சுகமாக இருக்க வழியே இல்லை. மேற்படிப்பும் வேண்டாம், நர்ஸ் வேலையும் வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா, இது உன் அப்பாவின் உத்தரவு என்று அதில் கண்டிருக்கும். ஆத்தா, இராஜினாமா எழுதப் பேனாவைத் திறந்திருந்தால் மூடு. பெட்டி கட்டியிருந்தால் அவிழ். இன்று காலை உனக்கு 'வராதே' என்று ஒரே சொல்லில் தந்தி அடித்திருக்கிறேன், தந்திக்குள் அடங்காத அநியாயத்தை இதில் எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் கண்ணை மூடிய என் அண்ணன் டில்லிக்கு உத்தரவு போட்டது எப்படி என்று நீ திகைத்திருப்பாய். உத்தரவு போட்டது ஒரு காக்கை. அந்தக் காக்கைக்குக் காரணம் காமிரா. காமிராவுக்குக் காரணம் நீ. ஆகவே கோபப்படுகிற உரிமை முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

போன சித்திரையில் நீ அந்தப் பெட்டிக் காமிராவை அனுப்பினாயே, சித்தப்பா, எல்லாரையும் பார்த்து நாளாயிற்று, ஆளுக்கொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று. எடுக்கத்தான் போனேன். உன் அம்மா, "எனக்கெதுக்குத் தம்பி இந்த வயசுல படமும் கிடமும், அங்கிட்டுக் கொண்டு போங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உன் சித்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள், கட்டி முடித்து வெளியே வந்தபோது சூரியன் கோபித்துக்கொண்டு மேற்கே போய்விட்டது. மனிதர்கள் இவ்வளவு மதிப்புக் காட்டினால் போகட்டும், பறவைகளை எடுப்போம் என்று முடிவு செய்தேன். முருங்கை மரத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கம்புத் தானியம் போட்டேன். உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்தேன். துவைக்கிற கல்மேல் காமிராவை உட்கார வைத்து, அதன் விசையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையோடு வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினேன். புதுக்கோட்டை மகாராஜாக்கள் காலத்தில் கூட இந்தச் சீமையில் இப்படியொரு வேட்டை நடந்ததில்லை. ஆனால் ஒரு பறவைக்காவது நன்றி உண்டா? கோடை முழுக்க என் தண்ணீரைக் குடித்த கொண்டைக்குருவி, நான் நூலை இழுக்கும் அந்த நொடியில் மட்டும் காணாமல் போகும். செம்போத்து தாசில்தார் மாதிரி நடந்து வரும், கல்லையும் காமிராவையும் பார்வையிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போய்விடும். ஐப்பசி அடைமழையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை, உங்கள் வீட்டில் சண்டையா என்று கேட்க ஓடி வந்தாள். மார்கழியில் வந்த வாலாட்டிக் குருவி ஓரிடத்தில் நிற்கவே நிற்காது, அதற்கு வாலில் என்ன அவசரமோ. தையில் புதுக் கதிரைக் கொத்தாகக் கட்டி வாசல் நிலையில் தொங்கவிட்டேன், சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்தன. சரி, இவையாவது மரியாதை தெரிந்தவை என்று நினைத்தேன், அதற்குள் ஒரு கிளி வந்து என் நூலையே கடித்துத் துண்டாக்கிவிட்டுப் போனது. புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சூசைராஜ் பிலிமைக் கழுவிக் கொடுத்துவிட்டுச் சொன்னான், "என்னண்ணே, எட்டுப் படத்துல ஆறு முருங்கை மரம், ஒண்ணு வானம், ஒண்ணு ஒங்க கட்டைவெரலு. இதுல கட்டைவெரலுதான் நல்லா விழுந்துருக்கு." என் வாழ்நாளில் எனக்கு நேர்ந்த அவமானங்களில் இது நாலாவது.

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது காக்கைதான். கம்பும் சோறும் போட்டால் அதுவும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பறந்துவிடும், படம் புகைமாதிரி விழும். ஆனால் கருவாடு போட்டால் போகாது. காலால் மிதித்துக்கொண்டு, இழுத்து, கிழித்து, ரசித்து, மாப்பிள்ளை மாதிரி ஆற அமர உட்கார்ந்துதான் தின்னும். இதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு யாராவது ஒரு பட்டம் கொடுத்திருக்க வேண்டும். மாசி பிறந்ததிலிருந்து சந்தையில் ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த மாசித் தேய்பிறையில்தான், உனக்குத் தெரியும், உன் அப்பா திதி. அன்றைக்கு இரண்டு வீட்டு அடுப்பிலும் கவிச்சி ஏறாது. நானும் குளித்துத் திருநீறு பூசி விரதமாகத்தான் இருந்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலை வெயில் கொல்லையில் பொன்னைக் கரைத்து ஊற்றியது மாதிரி விழுந்துகிடந்தது, காமிராவில் இரண்டே படம் மிச்சம் இருந்தது. நான் தின்னவில்லையே, காக்கைதானே தின்கிறது என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். உன் அம்மா வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கல்மேல் ஒரு முழ வாளைக் கருவாட்டைப் போட்டேன். ஊர்க் காக்கை முழுவதும் வந்தது. இரண்டு படமும் எடுத்தேன். காக்கைகள் ஏப்பம் விட்டுக்கொண்டு போயின.

உச்சி வேளையில் படையல் போட்டு, சோறும் பருப்பும் வடையும் பாயசமும் இலையில் வைத்துக் கொல்லைச் சுவர்மேல் வைத்தோம். காகா என்று கூப்பிட்டோம். சொர்ணம், அந்தச் சுவரைச் சுற்றி ஒரு காக்கை நிழல் கூட விழவில்லை. அரை மணி ஆயிற்று. காக்கை எடுக்காமல் யாரும் வாயில் பச்சைத் தண்ணீர் ஊற்ற முடியாது. உன் அம்மா முகம் வெளுத்துவிட்டது. "அவுக மனசுல ஏதோ கொறை இருக்கு, அதான் எறங்கமாட்டேங்குறாக" என்றார். உடனே எல்லாரும் சுவரைப் பார்த்துக் குறை தீர்க்கத் தொடங்கினார்கள். உன் சித்தி, "மாமா, இனிமே ஒங்க தம்பிகிட்ட வாயாடமாட்டேன், வந்து சாப்புடுங்க" என்றாள். இது நடக்கிற காரியமா என்று காக்கைக்கே தெரிந்திருக்கும், வரவில்லை. சின்னப்பிள்ளை வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்து, படையலில் வைக்கும் வருஷ வேட்டியைத் தும்பைப்பூ மாதிரி புதுசாக எடுத்து வைக்கச் சொன்னாள். நான் அப்படியே எடுப்பதாகச் சொன்னேன். அதற்கும் வரவில்லை. கடைசியில் உன் அம்மா கையைக் குவித்து, "புள்ளையத் தூர தேசத்துல தனியா விட்டுட்டேன்னு வருத்தமா? இன்னும் ரெண்டு வருசம் படிக்கவான்னு கேட்டு எழுதியிருக்கா, வேணாம்னுட்டு வரச் சொல்லிடுறேன், வாங்க" என்றார். சொல்லி வாயை மூடவில்லை, மொண்டிக் காக்கை ஒன்று தத்தித் தத்தி வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது.

அந்தக் காக்கையை எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். இடது கால் ஊனம். மற்றக் காக்கைகள் அதைக் கருவாட்டுப் பக்கம் அண்டவிடாது, காலையில் அதற்கு ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை. பசியோடு மரத்தில் உட்கார்ந்திருந்து, எப்போதும் போல எல்லாருக்கும் பின்னால் வந்தது. அது என் அண்ணனா? ஐயனார் குதிரை மாதிரி நடந்தவர் என் அண்ணன்! இதை உன் அம்மாவிடம் சொல்லலாம் என்றால், மற்றக் காக்கைகள் ஏன் வரவில்லை என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அந்தப் பதிலைத்தான் சொல்ல முடியாது. ஆகவே காக்கையாவது உத்தரவாவது, இதெல்லாம் பேச்சா அண்ணி என்று வெறும் கோபமாகக் கத்தினேன். "நான் கண்ணால பார்த்தேன் தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்றாம் நாள் தபால்காரரைப் பிடித்துவிட்டார்.

இதற்குள் படம் வந்தது. சொர்ணம், நான் பொய் சொல்லுவேன், கூட்டிச் சொல்லுவேன், ஒன்றை நூறாக்குவேன், ஆனால் இது சத்தியம். அந்தப் படம் அச்சுக் குத்தின மாதிரி விழுந்திருந்தது. நடுவில் ஒரு கம்பீரமான காக்கை, அலகில் வாளைக் கருவாடு வீரவாள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு இறகும் தனித்தனியே எண்ணலாம். சூசைராஜே எழுந்து நின்று கொடுத்தான். ஆனால் காக்கைக்குப் பின்னால், ஆட்டுக்கல் முன் முதுகு காட்டி உட்கார்ந்து, திதி உளுந்தை ஆட்டிக்கொண்டு உன் அம்மா. எந்த நாள், எந்த வேளை என்று கேட்கவே வேண்டாம். என் வாழ்நாளின் ஒரே நல்ல படத்தில் என் குற்றத்துக்குச் சாட்சியும் சேர்ந்து விழுந்திருந்தது. மூன்று நாள் அதைப் பரணில் நெல் மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று கேட்காதே, காக்கைமேல், சூசைராஜ்மேல், உன் அம்மாமேல், உன்மேல் கூட. கொல்லையில் தேன்சிட்டு வந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முழக் கருவாட்டுக்காக ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை, இரண்டு வருஷமா, ஆயுளையே விற்றுவிட்டு இங்கே நான் ராஜா மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அந்த வெற்றிலை கசந்தது.

நேற்றுக் காலை படத்தை எடுத்துக்கொண்டு போய் உன் அம்மா கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் சித்தி உலக்கை இருக்கும் மூலையைப் பார்த்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். உன் அம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது என்ன கருவாடு தம்பி?" என்றார். வாளை அண்ணி என்றேன். "வாளையா" என்றார். அப்புறம் சொன்னது இது, ஒரு எழுத்துக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை: "அவுகளுக்கு வாளைன்னா உசுருல்ல. இந்தப் பதினோரு வருசமா கவிச்சி ஆகாதுன்னு பருப்பும் பாயாசமுமா வச்சிக்கிட்டு வந்திருக்கேன். அன்னைக்கி வெள்ளனவே வந்து வயிறு நெறையச் சாப்புட்டுட்டுப் போயிருக்காக. சாப்புட்டவுக எலைக்கு எப்புடி எறங்குவாக? கொறையும் இல்லை, ஒண்ணும் இல்லை." என்னைத் திட்டவே இல்லை. நான் வாயைத் திறந்தேன், இது கருவாடு போட்டதால் வந்த சாதாரணக் காக்கை அண்ணி என்று சொல்லத்தான். உன் சித்தி அங்கிருந்தே கண்ணை உருட்டினாள். மூடிக்கொண்டேன். உன் அம்மா திரும்பவும் படத்தைப் பார்த்தார். "எனக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்காக, ஆட்டுக்கல்லு சத்தத்துல நான் திரும்பிப் பாக்காம இருந்துட்டேனே தம்பி" என்றார்.

நீ படிக்கலாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டார். உடனே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மேற்படிப்பு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் பங்குனி முடிவதற்குள் கொடுத்துவிடு, கடைசி நாள் வரை காத்திருக்காதே, ஆபீஸ்காரர்கள் அன்றைக்கென்று லீவு போடுவார்கள். அங்கே பனி குறையும்வரை கம்பளியை விடாதே, காலையில் வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே. படத்தை உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் உறைகூட வாங்கினேன், உன் அம்மா கொடுக்க மறுத்துவிட்டார், இடுப்பில் செருகிய சுருக்குப் பையை விட்டு அது வெளியே வரவில்லை. எடுத்தவன் நான், எனக்கும் உரிமை இல்லையா என்று கேட்டதற்கு, "அவுகளத் தூக்கி டில்லிக்கு அனுப்பச் சொல்றீகளா" என்று என்னையே மிரட்டுகிறார். இந்த அநியாயத்தை நீ வரும்போது கேட்டுக்கொள்.

நோய் நொடி இல்லாமல், படித்த படிப்பு பத்துப் பேருக்குப் பயன்படும்படி, பிரகதாம்பாள் உன் கூடவே இருக்கட்டும். உன் சித்தியும் அம்மாவும் தலை தொட்டு ஆசீர்வதிக்கிறார்கள்.

இப்படிக்கு,
அடுத்த திதிக்கு வாளை வாங்கி வரும்படி உன் அம்மாவால் நியமிக்கப்பட்டிருக்கும்
உன் சித்தப்பா
ஆத்மநாதன்