நான் இல்லாதபோது எரியும் விளக்கு

செப். 20, சனி

காலையிலிருந்து கல்கத்தா முழுக்க மழை. கிடர்பூரில் முழங்கால் தண்ணீர். பஸ் நின்றுவிட்டது. கார்டன் ரீச் வரை நடை. செருப்பு போச்சு.

மச்சினன் கணேசனின் கப்பல் வந்துவிட்டது. சிங்கப்பூரில் வாங்கிவரச் சொன்னதைக் கொண்டுவந்து கொடுத்தான். அட்டைப் பெட்டிக்குள்:

அனுப்பும் கருவி 1
விளக்குக் கருவி 4
விளக்கப் புத்தகம் 1
நம் ஊர் சாக்கெட்டுக்குப் பொருந்தும் பிளக் 0 (மறந்துவிட்டானாம். இவன் ஒரு கப்பல் என்ஜினியர்!)

அனுப்பும் கருவியை ஒரு சாக்கெட்டில் சொருகினால், வீட்டுக் கரண்ட் கம்பி வழியாகவே சமிக்ஞை போகும். வேறு அறை சாக்கெட்டில் இருக்கும் விளக்கு மின்னும். புதிதாக ஒயர் இழுக்க வேண்டாம். இந்தக் குவார்ட்டர்ஸில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே எஸ்டேட் ஆபீசுக்கு மனு போட வேண்டும். சுவரைத் துளைத்தால் என்னையே துளைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் சம்பந்தியம்மாள் கடிதத்தால். மகள் கோமதி பிரசவத்துக்கு வந்து, பேரனுக்கு மூன்று மாதம் முடிகிறது. 28-ம் தேதி சம்பந்தியம்மாள் வருகிறார். துர்கா பூஜை பார்த்துவிட்டு இருவரையும் மெட்ராஸுக்கு அழைத்துப் போவார். கடிதத்தில் ஒரு வரி: "பிள்ளை அழுதா கோமதிக்குக் கேக்காது. அதனால அங்க வந்ததும் பிள்ளை என் ரூம்லயே இருக்கட்டும். பாலுக்கு மட்டும் அவகிட்ட குடுத்துக்கிடலாம்." நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். எரிச்சல் அதனால்தான் அதிகம். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. அம்மா சொல்வதுதான் அங்கே சட்டம்.

கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே தமிழும் வங்காளமும் பிடித்துவிடுவாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்தாள். என்னைப் பார்த்துக் கையால் இரண்டே சைகை: குழந்தை, என்னுடையது.

பார்க்கிறேன். கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரிகல் போர்மேன் நான், என் வீட்டில் ஒரு விளக்கு எரியாமல் போகுமா?

மாலை ஆறுக்குச் சிற்றலையில் தமிழ்ச் செய்தி. இந்தத் தெருவில் யார் ரேடியோ போட்டாலும் லைன் இரைச்சல்தான், கர் கர். என்னுடையது மட்டும் கண்ணாடி மாதிரி. நானே செய்த வடிகட்டிப் பெட்டி, ரேடியோ சுவிட்சைப் போட்டால் அதுவும் லைனில் சேரும். கப்பல் ரேடியோ அறைக்குப் போடுவது போலவே கெப்பாசிட்டர், காயில், எல்லாம். என் மனைவி பாகீரதி அதற்கு வைத்த பெயர் சுத்தப் பெட்டி.

செப். 21, ஞாயிறு

வெயில். காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். ரேடியோகூடப் போடவில்லை. பிளக்குகளை மாற்றிப் போட்டேன். பழைய டேப் ரிக்கார்டரின் மைக்கைப் பிடுங்கி ஒரு ரிலேயோடு (தானாக மூடித் திறக்கும் சுவிட்ச்) சேர்த்தேன். பேரன் அழுதால் ரிலே மூடும், அனுப்பும் கருவி சமிக்ஞை விடும், நாலு இடத்தில் விளக்கு மின்னும். சமையலறை, குளியலறை, துணி காயும் பால்கனி, படுக்கையறை.

முதலில் டியூப் லைட்டில் மாட்டினேன். எரியவில்லை. குண்டு பல்புக்கு மட்டும்தான் என்று புத்தகத்தில் மூன்றாம் பக்கம் போட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தைக் கடைசியில் படித்தேன். அறுபது வாட் பல்பு நாலு வாங்கினேன்.

10.40. பேரன் அழுதான். நாலும் மின்னின! கோமதி பால்கனியிலிருந்து ஈரத் துணியோடு ஓடி வந்தாள். பாகீரதி கைதட்டினாள். எத்தனையோ கப்பலுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். ஒரு கப்பலும் என்னை இப்படி அழவைத்ததில்லை. (ஒரு சொட்டுதான். பாகீரதி பார்க்கவில்லை.)

மாலை ஆறே கால். கணேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரேடியோவில் செய்தி ஓட, தொட்டில் பக்கம் போய்க் கைதட்டினேன். ஒன்றும் எரியவில்லை. மறுபடி தட்டினேன். கணேசன் சிரித்தான். சிங்கப்பூர்க் கருவி நல்லதுதானாம், கை சரியில்லையாம். இனி அவனுக்கு மீன் குழம்பு கிடையாது.

செப். 22, திங்கள்

புழுக்கம். டூட்டியிலிருந்து வந்ததும் ரேடியோவைப் போட்டேன், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கருவியில் எழுத்து ஒன்று, எண் ஒன்று வைக்கும் சக்கரம் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில்தான். பிளக் இறுக்கம் சரி. வோல்டேஜ் சரி. கைதட்டினால் எரியவில்லை.

பாகீரதி: "பகல் பூரா எரிஞ்சிச்சுங்க. நாலு தடவ அழுதான், நாலு தடவயும் இவ வந்துட்டா."

"அப்ப இப்ப ஏன் எரியல?"

"நீங்க இல்லாதப்ப எரியுது. வந்தா எரிய மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

சாதனத்துக்கு ஆள் தெரியுமா? சிரிப்பும் கோபமும். இன்னும் ஆறு நாள்.

செப். 23, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். மாடி வீட்டு மித்ராதாவின் இன்வெர்ட்டர். மாலையில் அவர்கள் வீட்டில்தான் எல்லாம் ஓடுகிறது. அது லைனில் குப்பையைக் கொட்டுகிறது. குப்பையில் என் சமிக்ஞை அமுங்கிப்போகிறது. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

மேலே போனேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன் போல. மித்ராதா பயந்துபோய், "ஆரே தாதா, கீ ஹோலோ?" என்றார், என்ன ஆச்சு என்று. பேரனுக்காக என்றதும் உடனே இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கினார். அவர் மனைவி ஒரு தட்டில் பேகுனி கொடுத்தார். கத்தரிக்காய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே ஓடி வந்தேன். ரேடியோவில் வானிலை அறிக்கை. கைதட்டினேன்.

எரியவில்லை. பேகுனி மட்டும் நன்றாக இருந்தது.

கோமதி பள்ளி நோட்டு ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறாள். பால் கணக்கு என்று நினைத்தேன்.

செப். 24, புதன்

பூஜைப் பந்தல் மூங்கில் கட்டி முடிந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஓடும் விளக்கு வரிசை, மயில் தோகை விரிப்பது மாதிரி. நேற்றே ஏன் தோன்றவில்லை? இத்தனை ஆயிரம் பல்பு அணைந்து அணைந்து எரிந்தால் லைன் என்ன ஆகும்!

மாலை ஏழு. பந்தல் போடும் கிளப்பின் செக்ரட்டரிப் பையனிடம் பத்து நிமிடம் மெயினை அணைக்கச் சொன்னேன். முடியாது என்றான். முப்பது வருடமாகச் சந்தா கொடுப்பவன் நான் என்றேன். அணைத்தான். தெருவே இருட்டு. வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் எல்லாம் "ஏய்" என்று கத்தின. நான் வீட்டுக்கு ஓடினேன். ரேடியோ, கைதட்டு, மறுபடி கைதட்டு.

எரியவில்லை.

கீழே போய், "ஆச்சு, சரியாகிவிட்டது, போடுங்கள்" என்றேன். பொய். பையன், சித்தப்பா முறை வைத்து, "காக்கு, குஷி?" என்று கேட்டான். குஷி என்றேன்.

செப். 25, வியாழன். மகாளயம்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடிவதற்கு முன்னே ஊர் முழுக்க ரேடியோ. இந்த நாளில் கல்கத்தாவே எழுந்து சண்டி பாடலைக் கேட்கும். நானும் போட்டேன். ஜன்னலைத் திறந்து சத்தத்தைக் கூட்டினேன். தெருவிலேயே தெளிவான ரேடியோ என்னுடையதுதானே. பாகீரதி பால் பூத்துக்குப் போயிருந்தாள். கோமதி குளித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெளியே வந்து பார்த்தபோது பேரன் முகம் கத்திரிப்பூ நிறம். எவ்வளவு நேரம் அழுதானோ. விளக்கு எரியவில்லை. பக்கத்து அறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காது கேட்கும் நான்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கோமதி என்னைத் திட்டவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். பிறகு ரேடியோவிடம் வந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள், அதிர்கிறதா என்று. பிறகு சுத்தப் பெட்டியின் மேலும் வைத்தாள். நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள்.

ஊர் முழுக்க ரேடியோ ஓடினால் லைன் எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் என் உதட்டைப் பார்த்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

செப். 26, வெள்ளி

மழை. இன்று நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

டூட்டியிலிருந்து வந்து ரேடியோவைப் போட்டேன். கோமதி அந்த நோட்டை என் முன்னால் விரித்தாள். பால் கணக்கு இல்லை. ஐந்து பத்தி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு: நாள், மணி, விளக்கு, அப்பா, ரேடியோ. ஞாயிறு காலையிலிருந்து ஒவ்வொரு அழுகையும், ஒவ்வொரு கைதட்டும். 'அப்பா' பத்தியில் 'வீட்டில்' என்று இருந்தால் பெரும்பாலும் எரியவில்லை. ஆனால் ஞாயிறு காலை அப்பா வீட்டில், விளக்கு எரிந்தது. அங்கே ரேடியோ 'இல்லை'. அதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள்.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரேடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் இருந்த என் பெட்டியை மட்டும் கழற்றினாள். ரேடியோ கர் கர். தொட்டில் பக்கம் கைதட்டினாள். நாலு விளக்கும் மின்னின.

பெட்டியை மாட்டினாள். கைதட்டினாள். ஒன்றுமில்லை. கழற்றினாள். மின்னின.

லைனில் வேகமாக அதிரும் எதையும் விழுங்குவதற்குத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். கம்பியில் போகும் சமிக்ஞையும் அப்படி வேகமாக அதிர்வதுதான். என் பெட்டிக்கு இரைச்சலும் ஒன்று, பேரன் அழுகையும் ஒன்று. வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் நானே அதைப் போட்டுவிட்டு, ஊரெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் கோபம். அந்தப் பெட்டி எப்பேர்ப்பட்ட பெட்டி தெரியுமா என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள், அது வேறு. சிரித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு உட்கார்ந்து அந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள். பழுது பார்ப்பதற்கு முன் பழுதை இப்படிக் கவனித்தவர் ஒருவரும் இல்லை, நான் உள்பட. என் மகள்! மாடிப்படி முழுக்கச் சொல்லிக்கொண்டே ஏறினேன். மித்ராதாவிடம் மன்னிப்புக் கேட்டேன், நோட்டையும் காட்டினேன். தமிழ் தெரியாது அவருக்கு. கோடுகள் நேராக இருக்கின்றன என்றார்.

செப். 28, ஞாயிறு

ஹவுரா ஸ்டேஷன் போய் சம்பந்தியம்மாளை அழைத்து வந்தேன். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். ஒரு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம், எதிர்பார்த்ததற்கு மேல் நல்ல பேச்சு. பிள்ளையைத் தூக்கியவர் இறக்கவில்லை.

விளக்குகளைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, கல்யாண வீடு மாதிரி பல்பு தொங்குது?" விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "மிஷினை நம்பிப் பச்சப்பிள்ளைய விட முடியுமா?" என்றார். பாகீரதி என் காலை மிதித்தாள். ஒரு அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

சுத்தப் பெட்டி பரண் மேல். செய்தி கர் கர். கேட்டேன்.

அக். 1, புதன். சஷ்டி

பூஜை லீவு. காலை ஒன்பதுக்குப் பந்தலில் டாக் மேளம் தொடங்கியது. தொடங்கியதும் வீட்டில் நாலு விளக்கும் மேளத்தோடு சேர்ந்து ஆட்டம். மைக் அதையும் கேட்கிறது.

சம்பந்தியம்மாள்: "பிள்ளை தூங்குதான், விளக்கு ஆடுது. இதையா நம்பச் சொல்லுதீய?"

என் கை ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது. கோமதி என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, அதை வாங்கிக்கொண்டாள். விளக்கு ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்து நின்றாள். மேளம் எப்படி அடிக்கும் என்று இன்றுதான் தெரிந்ததாம், சைகையில் சொன்னாள். பிறகு மைக்கை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து, பின்புறம் பழைய பிளானல் துணி சுற்றி, தொட்டில் கயிற்றில் கட்டினாள். மைக்கின் சத்தத் திருகைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். விளக்கு நின்றது. மேளம் நிற்கவில்லை.

பிற்பகல் மூன்று. கோமதி பால்கனியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படிப்பது போல் உட்கார்ந்திருந்தேன். பேரன் சிணுங்கினான். சம்பந்தியம்மாள் தொட்டில் அருகிலேயே இருந்தார். தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பால்கனிக் கதவையே பார்த்தார். நானும் தூக்கவில்லை. எழுந்துவிடாமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பேரன் வீறிட்டான். அறையில் பல்பு மின்னியது.

கோமதி சோப்பு நுரையோடு வந்து நின்றாள். மாமியாரைத் தாண்டிப் போய், கையைப் புடவையில் துடைத்து, பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அவன் அடங்கினான்.

சம்பந்தியம்மாள் பல்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "மெட்ராஸ்ல நம்ம வீட்டுலயும் இது எரியுமா, சம்பந்தி?"

எனக்குத் தெரியாது, சரி பண்ணியது அவள்தான், அவளையே கேளுங்கள் என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவர் கோமதியின் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாக மறுபடி கேட்டார்.

கோமதி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்து இரண்டு கேள்வி எழுதி நீட்டினாள்.

1. அங்கே வீட்டில் யாராவது சொந்தமாகப் பெட்டி ஏதாவது செய்து வைத்திருக்கிறார்களா?

சம்பந்தியம்மாள் அதை உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாகீரதி சமையலறையிலிருந்து சிரித்தாள்.

2. தொட்டில் எந்த அறையில்?

இதை அவர் உரக்கப் படிக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கு நேரே எழுதினார்: உன் ரூம்.