ஐந்தாவது பெயர்

மே 17, வியாழன்

கத்திரி வெயில். பஸ் கம்பியைத் தொட முடியவில்லை. பிளஸ் டூ முடிவு நேற்று வந்தது, இன்றே கல்லூரியில் கூட்டம். முதல்வர்: "ஆளுக்கு அஞ்சு அட்மிஷன். வரலேன்னா மே மாசச் சம்பளம் கிடையாது." ஆசிரியர் அறையில் பலகை மாட்டியாகிவிட்டது. எங்கள் பெயர்கள், எதிரே ஐந்தைந்து கட்டங்கள். எனக்கு இரண்டு நிரம்பியிருக்கிறது. சுபாவுக்கு நான்கு.

என் சம்பளம் 11,500. வங்கித் தவணை 4,200. பி.ஏ., எம்.ஏ., பி.எட். எல்லாம் சேர்த்து வாங்கிய கடன். இன்னும் ஆறு வருடம்.

வாங்க: அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, சிவப்பு ரீஃபில், குடை.

மே 19, சனி

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். பெண் பெயர் இளவரசி. ஆங்கிலத்தில் 200-க்கு 171. வீட்டில் குடமிளகாய்ப் பச்சையில் ஒரு புதுப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என்னை உட்கார வைத்தார்கள். அப்பா கோவிந்தராசு, குத்தகை விவசாயி. அதாவது போன மாதம் வரை.

"முப்பது வருசமா நாங்க உழுத நெலம் மிஸ். பண்ணைக்காரர் பிளாட்டுக்கு வித்துட்டாரு. குத்தகைப் பதிவு எம் பேர்லதான் இருக்கு. ஆனா கேஸ் நடத்தத் தெம்பு இல்ல. விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்ததுக்கு ஒன்றரை லட்சம் குடுத்தாங்க. அது இவ படிப்புக்குத்தான்."

வாசலில் இருந்து பார்த்தாலே தெரிகிறது. வயலில் வரிசையாக மனைக்கல், மஞ்சள் பெயிண்ட்.

நான் பேசினேன். வழக்கமான பேச்சு. பி.ஏ. ஆங்கிலம் முடித்தால் கம்பெனி வேலை, கையில் இருபதாயிரம், பஸ் வீட்டு முனைக்கே வரும். நோட்டீஸும் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை வாயில்.

அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: "நீங்களும் இதே படிப்புதானே மிஸ்? உங்களுக்கு எவ்ளோ தர்றாங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது பாப்பா" என்றார் அப்பா. தப்பித்தேன்.

மே 20, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டுக்கும் ஒரு மிஸ் வந்தார். இதே பேச்சு. "இங்கிலீஷ் படிச்சவ எங்க போனாலும் பொழச்சுக்குவா." அப்பா கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பா இப்போது இல்லை. வங்கிக் கடிதம் மட்டும் அவர் பெயருக்கே வருகிறது.

மே 21, திங்கள்

இளவரசி வீட்டுக்குத் திரும்பப் போனேன். ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் கல்லூரி: கட்டணம், பஸ், தேர்வு, சீருடை. மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். பி.எட். தனி.

அரசுக் கல்லூரி: அதே பாடம், அதே டிகிரி. வருடம் இரண்டாயிரத்துக்குள். பஸ் பாஸ் இலவசம்.

என் சம்பளம், என் தவணை, அதையும் எழுதினேன்.

இளவரசி வாய்விட்டுப் படித்தாள். அப்பா தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "இதையே முந்தாநாளு சொல்லியிருக்கலாமே மிஸ்."

"சொல்லியிருக்கணும். தப்புதாங்க."

"அப்ப இங்கிலீஷே வேணாங்குறீங்களா?" என்றாள் அவள்.

"படி. ஆனா கடன் வாங்கிப் படிக்காத. அப்பா பணத்த முழுசா கொட்டியும் படிக்காத."

அரசுக் கல்லூரி விண்ணப்பம் வாங்கச் சொன்னேன். வரும்போது பசித்தது, இரண்டு நாளைக்குப் பிறகு.

மே 22, செவ்வாய்

பஸ்ஸில் சுபாவிடம் மட்டும் சொன்னேன். ஐந்து வருடமாக ஒரே சீட், ஒரே டிபன் பாக்ஸ். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியம்டி பண்ணுன மலர். எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது." எந்த ஊர், எந்தத் தெரு என்றாள். சொன்னேன்.

மே 25, வெள்ளி

முதல்வர் அறை. மேசை மேல் என் தாள். என் கையெழுத்து, என் தவணைக் கணக்கு.

"இது நீங்க எழுதுனதுதானே மேடம்?"

"ஆமா சார்."

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க. உங்களுக்கும் கவுரவம், எங்களுக்கும்."

எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் என் அசல் சான்றிதழ்களைக் கேட்டால், "நீங்களா நின்னா மூணு மாசச் சம்பளம் கட்டணும் மேடம், அப்புறம்தான் தருவோம்."

பையை எடுக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். பலகையில் சுபாவின் ஐந்தாவது கட்டம் நிரம்பியிருந்தது. கோ. இளவரசி, பி.ஏ. ஆங்கிலம்.

மே 26, சனி

சுபாவை பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். முகத்தைத் திருப்பவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"எனக்கும் கடன் இருக்குடி. நீ வேணாம்னு விட்ட புள்ளதானே."

"தாள எதுக்குக் குடுத்த?"

"சார்தான் கேட்டாரு, நம்ம காலேஜ் வேணாம்னு எப்புடி புள்ள மனசு மாறுனுச்சுன்னு."

அடுத்த பஸ்ஸில் வந்தேன். அம்மாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

மே 29, செவ்வாய்

கோவிந்தராசு வீடு. நாற்காலி போடவில்லை.

"நீங்கதான் அனுப்புனீங்கன்னு சொல்லித்தானே அந்த மிஸ் வந்தாங்க. கணக்குல தப்பு இருக்கு, மலர் மிஸ் திருத்தித் தருவாங்கன்னு தாளை வாங்கிட்டுப் போனாங்க. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் குடுத்திருந்தோம், அங்க எடம் ரொம்பிடுச்சுன்னாங்க. பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன், ஒன்று விடாமல். கலந்தாய்வே திங்கள்தான், இடம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"மொதல்ல வந்து நல்ல காலேஜுன்னதும் நீங்க. வேணாம்னதும் நீங்க. இப்ப மறுபடியும் நீங்க. நெலத்துக்கும் இப்புடித்தான் மூணு பேரு மாத்தி மாத்தி வந்தாங்க. யாரத்தான் நம்புறது?"

இளவரசி உள்ளேயே இருந்தாள்.

ஜூன் 4, திங்கள்

மேகமூட்டம். அரசுக் கல்லூரி வாசலில் காலை எட்டரையிலிருந்து நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை. பத்து மணிக்கு வந்தார்கள், அப்பாவும் மகளும். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்தார்கள். அவர் நேரே ரோட்டுக்கு நடந்தார். அவள் மட்டும் ஓடிவந்தாள்.

"இங்கிலீஷ்தான் மிஸ். ரெண்டாவது ஷிப்ட். அட்வான்ஸ தர மாட்டேன்னுட்டாங்களாம், போனது போவட்டும்னாரு அப்பா. உங்ககிட்ட பேசக் கூடாதுன்னும் சொல்லியிருக்காரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பஸ் வந்துருச்சு மிஸ்."

ஏறிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன், அதற்குள் நடத்துனர் விசில் அடித்துவிட்டார்.